தமக்குப் பின் யார்?

நான் சிறுவனாக இருந்தபோது, கோடை விடுமுறை தோறும் வாலாஜா ரோடு ரயில் நிலையத்தில் இறங்கி, ராணிப்பேட்டையில் இருந்த என் மாமா வீட்டுக்குச் செல்வது வழக்கம். ஊர் கண்ணுக்குப் புலப்படும் முன்பே மூக்குக்குப் புலப்பட்டுவிடும். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஈரத்தோலும் கலந்த அந்த நெடியை ஒருமுறை நுகர்ந்தவர் மறப்பதில்லை. மாமா ஒரு தோல் பதனிடும் ஆலையில் கணக்கெழுதி வந்தார். அவர் வாயிலாக நான் கேட்ட ஒரு செய்தியுடன் இந்தப் பேச்சைத் தொடங்குகிறேன்.

அந்த ஆலையில் முதிய மேஸ்திரி ஒருவர் இருந்தார். தோலின் ஓர் ஓரத்தைக் கட்டை விரலால் மடித்துப் பார்த்த அளவில், பட்டைச் சாறு உள்வரை ஊறிவிட்டதா, இன்னும் ஒரு நாள் தொட்டியில் கிடக்கவேண்டுமா என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னது தவறியதில்லை. ஆனால் அந்த வித்தையை அவர் எவருக்கும் கற்றுத் தரவில்லை. முதலாளியும் கற்றுத் தரும்படி அவரைக் கேட்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் மேஸ்திரி காய்ச்சலில் படுத்தார். பத்து நாளில் ஒரு தொட்டித் தோல் முழுவதும் பாழாயிற்று. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை. இத்தனை ஆண்டுகள் ஒரு பையனைக்கூட அவர் பக்கத்தில் நிறுத்தி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்றுதான் எண்ணினேன்.

மாணவ நண்பர்களே, ஆலையானாலும் கல்லூரியானாலும் அரசாங்க அலுவலகமானாலும், இன்று அதைத் தாங்கி நிற்பவர் நாளை இருக்கமாட்டார். அவருடைய இடத்துக்கு வரக்கூடியவரை இன்றே கண்டறிந்து, பழக்கி, பொறுப்பை அவர் தோளில் சிறிது சிறிதாக ஏற்றிவிடுவது எப்படி? இந்த வினாவுடன் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் போராடிய ஓர் அம்மையாரின் வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன். அவர் பிறந்த ஊரும் இதே ராணிப்பேட்டைதான்.

1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா சோபியா ஸ்கடர். அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். தந்தையாரும் மருத்துவர். ஸ்கடர் குடும்பத்தைச் சேர்ந்த சைலஸ் ஸ்கடர் 1866ஆம் ஆண்டு ராணிப்பேட்டையில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். மருத்துவமும் ஊழியமும் ஒரு குடும்பத்தில் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற காலம் அது. நம் ஊரில் தச்சனின் மகன் உளி பிடிக்கக் கற்பது போலத்தான். அந்த முறையில் அடுத்தவர் யார் என்ற கேள்விக்கே இடமில்லை. பிறப்பே விடை சொல்லிவிடும்.

ஐடாவுக்கோ அந்தப் பரம்பரையில் விருப்பமில்லை. அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாயாரைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனத்துக்கு வந்திருந்தார், அவ்வளவே. அங்கே ஓர் இரவில் மூவர், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவர் வீட்டிலும் மனைவியர் பிரசவ வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவர் வந்து பார்க்க அவர்களுடைய வழக்கம் இடந்தரவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். இந்த நிகழ்ச்சியைப் பின்னாளில் ஐடாவே பலமுறை சொல்லியிருக்கிறார். அமெரிக்காவுக்குத் திரும்பிச் சென்ற அவர் 1899ஆம் ஆண்டு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட ஒரு சிறு மருத்துவமனை எழுந்தது. ஷெல் என்ற அமெரிக்கச் செல்வர் தம் மனைவியின் நினைவாக அளித்த பத்தாயிரம் டாலர் கொண்டு கட்டியது அது.

இந்தப் பகுதியை உங்களிற் பலர் பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கலாம். ஆகவே விரைந்து கடக்கிறேன். நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்தது.

நல்ல மருத்துவர் ஒருவர் ஒரு சிற்றூருக்கு வந்தால் என்ன நடக்கும்? கூட்டம் பெருகும்; அவர் இரவு பகல் உழைப்பார்; பெயர் பரவும்; ஒரு நாள் அவரும் அந்த மேஸ்திரியைப் போலப் படுத்துவிடுவார். ஐடா இதை மிக விரைவில் உணர்ந்தார். தாம் ஒருவரே எத்தனை பிரசவம் பார்த்தாலும், கதவைத் தட்டுகிறவர்கள் அதைவிட அதிகமாக இருப்பர் என்பது அவருக்குத் தெரிந்தது. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பின்னர், இந்தியப் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி வேண்டுமென்று அரசாங்கத்தை அணுகினார். சென்னை மாகாணத்தின் சர்ஜன் ஜெனரலாக இருந்த பிரைசன் என்பவர், மூன்று மனுக்கள் வந்தாலே உமது பாக்கியம் என்னும் கருத்துப்படப் பேசினார். 1918ஆம் ஆண்டு பள்ளி திறந்தபோது வந்த மனுக்கள் 151.

அந்த மனுக்களிலிருந்து ஏறத்தாழ ஒன்பதில் ஒருவரையே சேர்த்துக்கொள்ள முடிந்தது. கட்டடம் போதாது; கருவிகள் போதா; கற்பிக்க ஐடாவை விட்டால் மிகச் சிலரே. முதல் ஆண்டுத் தேர்வு வந்தபோது பிரைசன் மறுபடியும் எச்சரித்தார்: பெண்கள் எவரும் தேறாவிட்டால் மனம் தளரவேண்டாம் என்று. மாகாணத்து மருத்துவப் பள்ளிகளில் ஆண் மாணவர்களிலேயே பெரும்பாலோர் அந்தத் தேர்வில் தவறினர். வேலூரிலிருந்து தேர்வு எழுதிய 14 பெண்களும் தேறினர்.

இதுவரை இது வெற்றிக் கதை. இங்கேயே நிறுத்திவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் வரலாறு படிப்பவர் கைதட்டிவிட்டு எழுந்து போகக்கூடாது. அடுத்த பக்கத்தையும் புரட்டவேண்டும்.

அந்தப் பள்ளியில் அளித்தது எல்.எம்.பி. என்ற பட்டயம். பல்கலைக்கழகம் அளிக்கும் எம்.பி.பி.எஸ். பட்டத்தைவிட அது குறுகிய படிப்பு. அதைப் பெற்றவர் நோயாளியைப் பார்க்கலாம், பிரசவம் நடத்தலாம், அறுவைச் சிகிச்சை செய்யலாம். ஐடாவின் மாணவியர் தென்னாட்டிலும் வடநாட்டிலும் பல மருத்துவமனைகளை நடத்தினர். ஆனால் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக அமர அந்தப் பட்டயம் போதாது. ஐடா கட்டிய ஏணியில் கீழ்ப்படிகள் எல்லாம் உறுதியாக இருந்தன. கடைசிப் படி மட்டும் இல்லை. இருபது ஆண்டுகள் இது எவருக்கும் பெருங்குறையாகத் தோன்றவில்லை. மேல்தளத்தில் அமெரிக்க மருத்துவர்கள் இருந்தார்கள் அல்லவா?

1938ஆம் ஆண்டு அந்தக் குறை வெளிப்பட்டது. அப்போது சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை நடைபெற்றது. இனி எல்.எம்.பி. படிப்புக்குப் புதிய மாணவர்களைச் சேர்க்கக்கூடாது. மருத்துவம் கற்பிப்பதாயின் எம்.பி.பி.எஸ். தரத்துக்கே கற்பிக்கவேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. இந்த முடிவைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. நாட்டில் மருத்துவர்கள் இரண்டு தரமாகப் பிரிந்து கிடப்பதை மாற்ற வேண்டியிருந்தது. 1946இல் வெளியான போர் குழுவின் அறிக்கையும் இந்த வழியையே காட்டியது. ஆனால் வேலூருக்கு அது இடி. கல்லூரி ஆகவேண்டுமானால் மேற்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் பலர் வேண்டும், படுக்கைகள் பெருகவேண்டும், ஆய்வுக்கூடங்கள் வேண்டும். பணத்தைத் திரட்டலாம், கட்டடத்தையும் எழுப்பலாம். ஆட்களை எங்கே தேடுவது? தம்மிடம் பயின்று, தம் உள்ளத்தை அறிந்து, தம்மோடு உழைத்த அந்தப் பெண்களில் ஒருவரைக்கூடப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைக்கமுடியாத நிலை. ஐடாவுக்கு அப்போது வயது அறுபத்தேழு கடந்துவிட்டது.

என் எண்ணத்தில், ஐடாவின் பெருமை 1918ஐவிட 1938க்குப் பின்னரே மிகுதியாக விளங்குகிறது. வேறொருவராக இருந்தால், பெண்களுக்கென்று தொடங்கிய பள்ளி பெண்களோடே முடியட்டும் என்று கதவை அடைத்திருப்பார். தோழியர் சிலர் அப்படித்தான் விரும்பினர். ஆண்களையும் சேர்த்து ஒரே பெருங்கல்லூரியாக நடத்துவதைப் பல ஆண்டுகள் துணைநின்ற அமெரிக்கப் பெண்மணி ஒருவர் கடுமையாக எதிர்த்தார். ஐடாவோ 1941இல் அமெரிக்காவுக்குச் சென்று, ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. 1947இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தனர். 1950இல் பல்கலைக்கழகத்தின் நிலையான இணைப்பும் வந்தது. பிரிட்டிஷ் நாட்டுத் தொழுநோய் மருத்துவ வல்லுநரான ராபர்ட் காக்ரேன் இந்தக் கடினமான இடைக்காலத்தில் முதல்வராக இருந்து பல துறைகளுக்கும் ஆள் தேடினார்.

அந்தத் தேடலில் கிடைத்தவர்களில் ஒருவர் ஜேக்கப் சாண்டி. கோட்டயத்தைச் சேர்ந்தவர்; சென்னையில் மருத்துவம் படித்தவர்; பஹ்ரைனில் பணி செய்து, பின்னர் கனடா நாட்டு மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற பேரறிஞரிடம் மூளை அறுவை மருத்துவம் பயின்றவர். 1949இல் அவர் வேலூரில் தொடங்கிய துறையே இந்நாட்டு நரம்பியல் துறைகளுக்கெல்லாம் முன்னோடி. ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்கர் மார்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். அவர் தம் துறையை இந்திய இளைஞர்களைப் பழக்கும் பட்டறையாகவே நடத்தினார்; அங்கே பயின்ற கோபிநாத் முதலியோர் 1960களின் தொடக்கத்தில் திறந்த இதய அறுவையை வேலூரில் வெற்றியுடன் செய்தனர்.

தலைமைப் பொறுப்புக்கு வருவோம். ஐடா ஓய்வு பெற்றபோது, முழு நிறுவனத்தையும் நடத்த ஓர் இந்தியர் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அவர் கை ஹில்டா லாசரஸ் அம்மையாரை நோக்கி நீண்டது. 1890இல் விசாகப்பட்டினத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கடல் கடந்து சென்றும் மேற்படிப்புப் படித்தவர். அரசாங்கத்தின் பெண்கள் மருத்துவப் பணியில் உயர்ந்து, அதன் தலைமைக்கு வந்த முதல் இந்தியப் பெண்மணி. வேலூரில் பயின்றவர் அல்லர். தாம் வளர்த்தவர்களில் தகுதிச் சீட்டுடையவர் இல்லாத இடத்தில், தகுதியுள்ளவரை வெளியிலிருந்து அழைக்க ஐடா கூசவில்லை. நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி லாசரஸ் வேலூரின் பொறுப்பை ஏற்று, 1954 வரை நடத்தினார். அக்காலத்து வெள்ளையர் கம்பெனிகளில் உயர்ந்த நாற்காலிகள் இந்தியருக்கு எவ்வளவு மெதுவாகக் கிடைத்தன என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும். இந்துஸ்தான் லீவர் கம்பெனியில் 1937இல் சேர்ந்த பிரகாஷ் டாண்டன் அதன் முதல் இந்தியத் தலைவரானது 1961இல்தான்.

ஆயினும் உண்மையை மறைக்கக்கூடாது. லாசரஸ் அம்மையாருக்குப் பின் இயக்குநராக வந்தவர் மறுபடியும் ஓர் அமெரிக்கரே. டாக்டர் ஜான் கார்மன் நல்ல நிர்வாகி, அதில் ஐயமில்லை. ஆனால் ஒருவரைத் தலைமையில் அமர்த்திவிட்டால் வரிசை அமைந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று. அவருக்குப் பின்னால் இருவர், அவர்களுக்குப் பின்னால் நால்வர் என்று ஆயத்தமாக இருந்தால்தான் அது வரிசை. அந்த வரிசை வேலூரில் உருவாகிக்கொண்டிருந்தது துறைகளுக்குள்ளே. நிர்வாக அறையில் அன்று.

அது எப்படி உருவாயிற்று என்பதற்கு ஒருவருடைய கதையை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். 1925இல் கொச்சியில் பிறந்த மேரி வர்கீஸ் வேலூரில் மருத்துவம் பயின்று, பெண்கள் மருத்துவத்தில் பயிற்சி பெற்று வந்த இளம் டாக்டர். 1954ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தோழர்களுடன் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகம் சிதைந்தது, முதுகெலும்பு முறிந்தது, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின. பிரசவ அறையில் நெடுநேரம் நின்று பணி செய்யும் மருத்துவம் இனி அவருக்கு இல்லை. எந்த நிறுவனமும் இத்தகையவருக்கு இரக்கம் காட்டும், உதவித்தொகை கொடுக்கும், வீட்டுக்கு அனுப்பிவிடும்.

அப்போது வேலூரில் பால் பிராண்டு என்ற அறுவை மருத்துவர் இருந்தார். நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை 1940களின் பிற்பகுதியில் அவர் அங்கே தொடங்கியிருந்தார். கட்டிலில் கிடந்த மேரியிடம் அவர் சுட்டிக்காட்டியது ஒரு சிறிய உண்மை: கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். மேரியின் கால்கள் போயினவே தவிர, கைகளும் அறிவும் போகவில்லை. எல்லாரும் இழப்பைப் பார்த்த இடத்தில் பிராண்டு மிச்சத்தைப் பார்த்தார்.

அந்த ஒரு சொல்லோடு அவர் நின்றுவிடவில்லை. அறுவை அறையில் தம் அருகே சக்கர நாற்காலிக்கு இடம் செய்து கொடுத்தார். முதலில் துணைக்கு வைத்துக்கொண்டார். பிறகு சிறு சிகிச்சைகளைத் தனியே செய்ய விட்டார். தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்ப்படுத்தும் மருத்துவராக மேரி வளர்ந்தார். அவரைக் கண்ட நோயாளிகள் என்ன நினைத்திருப்பார்கள்! தம்மைவிட முடங்கிய ஒருவர் தம் விரலை நிமிர்த்துகிறார்.

அடுத்த படியையும் நிறுவனம் எண்ணிப் பார்த்தது. மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார்; சக்கர நாற்காலியிலேயே தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளும் பயிற்சி அங்கே கிடைத்தது. பிறகு நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் முறையாகப் பயின்றார். உடல் முடங்கியவர்களை மீண்டும் வாழ்க்கையில் நிறுத்தும் மருத்துவம் அப்போது உலகத்துக்கே புதிது. 1963இல் வேலூர் திரும்பிய மேரி, அந்தத் துறையின் தலைவரானார். விபத்து நடந்து ஒன்பது ஆண்டுகள். ஒருவரை வளர்ப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த பொறுமையை நாம் எத்தனை அலுவலகங்களில் காண்கிறோம்? 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு பால் பிராண்டு வேலூரை விட்டு அமெரிக்காவுக்குச் சென்றார். துறைகள் மூடப்படவில்லை, அவர் பழக்கிய கைகள் அங்கே இருந்தன. 1972இல் இந்திய அரசு மேரி வர்கீசுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

தகுந்தவரைக் கண்டறிவது பற்றி இன்னொரு செய்தி உண்டு. வேலூர்க் கல்லூரி நெடுங்காலம் மாணவரை எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணால் மட்டும் எடுத்ததில்லை. தேர்வில் முன்னின்றவர்களைச் சில நாட்கள் அங்கேயே தங்கச் செய்து, குழுவாகச் சில பணிகளைக் கொடுத்து, பேசுகிறவர் யார், பிறர் பேசக் கேட்கிறவர் யார், தோற்கும்போது எப்படி நடந்துகொள்கிறார் என்றெல்லாம் பார்த்து எடுத்தார்கள். திருச்சபைகளும் சிற்றூர் மருத்துவமனைகளும் தம் சார்பில் மாணவரை அனுப்பும். படித்து முடித்தவர் அங்கே சென்று குறிப்பிட்ட காலம் பணி செய்யவேண்டும். ஆதரவற்ற ஒரு சிறு மருத்துவமனையில் தனியாக நின்று முடிவெடுத்துப் பழகிய இளைஞரே திரும்பி வந்து துறையை நடத்தத் தகுந்தவர் என்று கருதினார்கள். நாடு முழுவதற்கும் ஒரே நுழைவுத் தேர்வு வந்தபோது இந்த முறைக்குச் சிக்கல் நேர்ந்தது. 2017இல் எம்.பி.பி.எஸ். வகுப்புக்கு ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்துவிட்டுக் கல்லூரி வழக்கை நடத்தியது. 2020 ஏப்ரலில் பொதுத் தேர்வே எல்லாருக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேர்காணலில் வேண்டியவர் வேண்டாதவர் என்ற ஓரவஞ்சனை புகும் என்பார் சொல்வதும் பொய்யன்று. மூன்று மணி நேரத் தாளில் மனிதனின் நெஞ்சுறுதி தெரியாது என்பார் சொல்வதும் பொய்யன்று. நீங்கள் இதை வகுப்பறையில் விவாதித்துப் பாருங்கள்.

ஐடா அம்மையார் 1960ஆம் ஆண்டு மே மாதம் கோடைக்கானலில் காலமானார். அவர் பிறந்த ராணிப்பேட்டை 2019இல் ஒரு மாவட்டத்தின் தலைநகரம் ஆகிவிட்டது. நான் சென்ற ஆண்டு அங்கே போயிருந்தேன். மாமா கணக்கெழுதிய ஆலை இருந்த இடத்தில் வேறு கட்டடங்கள். அந்த மேஸ்திரியின் பெயரை நினைவுகூர்பவர் ஒருவரும் அகப்படவில்லை.

திரும்பும் வழியில் பாகாயத்துக்கும் சென்றேன். மேரி வர்கீஸ் 1986இல் மறைந்தார். அவர் முதன்முதலில் தலைமை ஏற்ற அந்தச் சிறிய துறையில் பின்னர்ப் பணியாற்றிய சுரஞ்சன் பட்டாச்சார்ஜி, 2007இல் வேலூர் நிறுவனம் முழுவதற்கும் இயக்குநரானார்.